கணவாயும் விலங்குதான்: ஆய்வு நெறிமுறைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உடலுக்குள் ஓடு கொண்ட கடல்வாழ் உயிரியான ஓட்டுக்கணவாயைத் (இம்மடலில் சுருக்கமாகக் 'கணவாய்') தொட்டியில் வளர்த்து அதன் நினைவாற்றலை ஆராய்ந்து வருபவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், சிறு அறுவை ஒன்றை உள்ளடக்கிய ஆய்வுக்கு ஒப்புதல் கோரி நான் அனுப்பிய விண்ணப்பம், "முதுகெலும்பற்ற உயிரி; பரிசீலனை தேவையில்லை" என்ற ஒற்றை வரிக் குறிப்புடன் மூன்றாம் நாளே திரும்பி வந்தது. எத்தனை உயிர்கள், எந்த மயக்க மருந்து, வலிக்கு என்ன செய்வேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதே வாரத்தில், எலிகளை வைத்து ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் பக்கம் பக்கமாகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். அவருக்கு என் மேல் பொறாமை; எனக்கோ கூச்சமாக இருந்தது.

உங்கள் விதிமுறைகளில் 'விலங்கு' என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள விளக்கத்தில் கணவாய், ஊசிக்கணவாய், ஆக்டோபஸ் ஆகிய தலைக்காலிகளையும் சேர்க்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

நரம்பில் மின்துடிப்பு எப்படிப் பரவுகிறது என்பதை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1952இல் விளக்கியது ஊசிக்கணவாயின் நரம்பிழையை வைத்துத்தான். ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன் கொண்ட அந்த இழைக்குள் மின்முனையைச் செலுத்த முடிந்ததால்தான் 1963ஆம் ஆண்டின் நோபல் பரிசு வரை அந்த ஆய்வு சென்றது. நரம்பைப் பற்றி நமக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த இனம், வலியைப் பற்றிய பேச்சு வரும்போது மட்டும் கணக்கிலிருந்து விடுபட்டுப்போவது எனக்கு விளங்கவே இல்லை.

2021இல் அலெக்சாண்ட்ரா ஷ்னெல் குழுவினர் ஆறு கணவாய்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஓர் அறையில் சுமாரான இரை உடனே கிடைக்கும். மற்றோர் அறையில் அவற்றுக்கு மிகவும் பிடித்த உயிருள்ள இறால் கண்ணுக்குத் தெரியும், ஆனால் கதவு திறக்கக் காத்திருக்க வேண்டும். முதல் இரையைத் தொட்டால் இரண்டாவது இல்லை. அவை 50 முதல் 130 நொடிகள் வரை காத்திருந்தன. நீண்ட நேரம் பொறுத்தவையே கற்றல் சோதனையிலும் முந்தின. அதற்கு முன்பே, 2013இல் வெளிவந்த ஆய்வொன்று, எந்த இரையை எங்கே, எவ்வளவு நேரத்துக்கு முன் தின்றோம் என்பதைக் கணவாய் நினைவில் வைத்திருப்பதைக் காட்டியிருந்தது. அறிவு இருப்பதாலேயே வலி இருக்கும் என்று ஆகிவிடாது என நீங்கள் சொல்லலாம், சரியான மறுப்புதான். ஆனால் அதே 2021இல் ராபின் குரூக் செய்த ஆக்டோபஸ் ஆய்வு நேராக வலியையே எடுத்துக்கொண்டது. அசிட்டிக் அமில ஊசி போடப்பட்ட ஆக்டோபஸ்கள், முன்பு தாமே விரும்பிய அறையை அதன்பின் தவிர்த்தன. ஊசி போட்ட இடத்தை அலகால் சுரண்டின. லிடோகைன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் கொடுத்து வலியைத் தணித்த அறையை நாடிச் சென்றன.

அறுவை இல்லாத ஆய்விலும் துன்பம் உண்டு என்பதைத் தொட்டியருகே நிற்பவர்கள் அறிவார்கள். மிரண்ட கணவாய், தன் உடலிலுள்ள புனல் வடிவக் குழாயிலிருந்து நீரைப் பீச்சியடித்துப் பின்னோக்கிப் பாயும். கடலில் அதற்குப் பின்னால் வெட்டவெளி இருக்கிறது. தொட்டியில் சுவர்தான் இருக்கிறது. உடலின் பின்முனை மீண்டும் மீண்டும் மோதித் தோல் தேயும், புண் ஆழமாகும், ஒரு கட்டத்தில் உள்ளிருக்கும் வெண்ணிற ஓட்டின் நுனியே வெளியே தெரியும். அந்த நிலைக்கு வந்த கணவாய் தேறுவது அரிது. வட்டத் தொட்டி, ஒதுங்க நிழல், ஆள் நடமாட்டம் குறைந்த மூலை ஆகியவை இருந்தால் இதைப் பெருமளவு தவிர்க்கலாம். எலிக்கூண்டின் அளவைக் கேட்டறியும் குழு எதுவும் என் தொட்டியின் வடிவத்தைக் கேட்டதில்லை.

இவற்றுக்கு ஏற்ற மயக்க மருந்து இல்லை என்ற சாக்கும் இனிச் செல்லாது. மக்னீசியம் குளோரைடும் எத்தனாலும் தசையை முடக்குவதோடு நிற்காமல், மூளைக்குச் செல்லும் உணர்வுச் சமிக்ஞையையும் தடுக்கின்றன என்பது 2018இல் கணவாயிலும் ஆக்டோபஸிலும் நேரடியாக அளந்து காட்டப்பட்டது.

நான் கேட்பது புதிதும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010ஆம் ஆண்டு நெறிமுறை, 2013 முதல் எல்லாத் தலைக்காலிகளுக்கும் பொருந்துகிறது. பிரிட்டனின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை உணர்வுள்ள உயிர்களாக ஏற்கிறது. ஐரோப்பிய நெறிமுறையிலும் எனக்கு ஒரு குறை உண்டு: அதன் காவல் முட்டையிலிருந்து குஞ்சு வெளிவந்த பிறகே தொடங்குகிறது. முட்டைக்குள் இருக்கும்போதே நண்டுகளைப் பார்த்த கணவாய், பொரித்து வெளிவந்ததும் நண்டையே விரும்பித் தேடுகிறது என்று 2008ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. பொரிக்கும் நாளுக்கு முந்தைய இறுதி வாரங்களையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொண்டால் நல்லது.

உங்கள் வேலைப்பளு கூடும் என்பதை அறிவேன். தலைக்காலிகளைக் கையாண்ட ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டால் அது பாதியாகக் குறையும்.

அன்று திரும்பி வந்த விண்ணப்பத்தை, எண்ணிக்கை, மருந்தின் அளவு, தொட்டியின் வரைபடம், ஆய்வு முடிந்தபின் விலங்குகளை என்ன செய்வேன் என்ற விவரம் எல்லாவற்றையும் சேர்த்து மீண்டும் அனுப்பியிருக்கிறேன். இம்முறை உங்கள் கேள்விகளுக்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
கணவாய் ஆய்வாளன் ஒருவன்