முன்னால் இரண்டு மட்டும் மாற்றாதே

காட்பாடி
ஞாயிறு காலை

அன்புள்ள மாலதிக்கு,

ஆவணியில் நீ எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் போடவில்லை, மன்னித்துவிடு. அம்மாவின் கண் ஆபரேஷன், அப்புறம் மலையில் சாமை அறுவடை என்று நாள் ஓடிவிட்டது. அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். கட்டுப் பிரித்த அன்றே என் முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பைப் பார்த்து, எண்ணெய் மிதக்கவில்லையே என்றாள். பார்வை திரும்பிவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. சுந்தரி போன வாரம் வந்திருந்தாள். இன்னும் அதே சிரிப்பு, அதே தாமதம்.

இன்றைக்கு வேலையை எல்லாம் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்ததற்குக் காரணம் நேற்று நீ அனுப்பிய செய்திதான். "கிராண்ட் விட்டாரா காரின் முன் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், முன்னால் மட்டும் கொஞ்சம் அகலமாகப் போட்டால் கோத்தகிரி ஏற்றத்துக்குப் பிடிமானம் கிடைக்கும் என்கிறார் இவர். வியாழக்கிழமை போகிறோம்" என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனம் அடங்கவில்லை. போனில் சொன்னால் "சரி சரி" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாய், பள்ளிக்கூடத்திலிருந்தே நீ அப்படித்தான். எழுதினால் உன் வீட்டுக்காரரிடமும் படிக்கக் கொடுப்பாய். அதனால் எழுதுகிறேன்: முன்னால் இரண்டு மட்டும் மாற்றாதே. அதே தவறை நாங்கள் செய்தோம், பின்பக்கத்தில்.

எங்கள் டஸ்டர் காரை உனக்குத் தெரியும். மலையிலிருந்து சாமையும் புளியும் தேனும் இறக்குவதற்காகவே பழைய வண்டியாகப் பார்த்து, நான்கு சக்கரமும் இழுக்கும் ஆல் வீல் டிரைவ் உள்ளதாகத் தேடி வாங்கினோம். ஒடுகத்தூரிலிருந்து பீஞ்சமந்தைக்கு ஏறி, அதற்கப்பால் ஊர் ஊராகப் போவதென்றால் பல இடங்களில் மண்பாதைதான். மழை பெய்தால் செம்மண் சேறு, காய்ந்தால் உருளைக் கல். சித்திரையில் ஒரு நாள் பின் டயர் ஒன்றின் பக்கவாட்டில் கல் கிழித்துவிட்டது. பஞ்சர் போடவே முடியாத கிழிசல். அண்ணன் வண்டியைக் கடைக்கு எடுத்துப் போனான். அசல் அளவு 215/65 ஆர் 16. கடையில் அந்த அளவு கையிருப்பில் இல்லை. "225/65 இருக்கிறது, அகலம் பத்து மில்லிமீட்டர்தான் கூடுதல், பின்னால் ஜோடியாகப் போட்டுவிடலாம், வண்டி கம்பீரமாக இருக்கும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அண்ணனும் சம்மதித்துவிட்டான். முன்னால் பாதி தேய்ந்த பழைய 215, பின்னால் புத்தம் புது 225. எந்தக் கடை என்று எழுதமாட்டேன். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. முன் சக்கரம் மட்டுமே இழுக்கும் வண்டிகளையே நாள் முழுக்கப் பார்ப்பவர்களுக்கு இது தோன்றாமல் போகலாம்.

மூன்றாவது வாரம் மலையிலிருந்து இறங்கி வருகிறேன். டூ வீலா ஃபோர் வீலா என்று தேர்ந்தெடுக்கும் குமிழ், வண்டியே முடிவு செய்யும் ஆட்டோ நிலையில் இருந்தது. அணைக்கட்டு ஊரைத் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு முனகல். கொஞ்ச நேரத்தில் சூடான எண்ணெய் வாடை. அப்புறம் ஃபோர் வீல் விளக்கு மின்ன ஆரம்பித்தது. ஓரங்கட்டினேன். வெளியே அக்னி நட்சத்திர வெயில், பின்னால் ஆறு மூட்டை புளி, பக்கத்தில் அம்மா. அம்மாவின் கையில் தண்ணீர் பாட்டில் காலி. மாலதி, அந்தப் பத்து நிமிடம் நான் பயந்துபோனேன். சூடு ஆறியதும் குமிழை டூ வீலுக்குத் திருப்பி, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக வீடு வந்து சேர்ந்தோம்.

நம்ம மெக்கானிக் பாய்தான் வண்டியைத் தூக்கிப் பார்த்தார். அவர் விளக்கியதை உனக்கு அப்படியே சொல்கிறேன். இந்த மாதிரி வண்டிகளில் முன் அச்சையும் பின் அச்சையும் நடுவில் ஒரு கப்ளிங் இணைக்கிறது. உள்ளே கிளட்ச் தகடுகள் அடுக்கியிருக்கும். முன் சக்கரம் வழுக்கினால் கம்ப்யூட்டர் அந்தத் தகடுகளை நெருக்கிப் பிடித்துப் பின்னாலும் இழுவையை அனுப்பும். நான்கு சக்கரமும் ஒரே சுற்றளவில் இருக்கும் என்று நம்பித்தான் அது வேலை செய்கிறது. ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால், நேர் சாலையில் ஓடும்போதுகூட முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். வழுக்கல் இல்லாத இடத்தில் வழுக்கல் இருப்பதாக வண்டி நினைத்துக்கொள்ளும். தகடுகள் ஓயாமல் உரசும், சூடேறும், கடைசியில் தீய்ந்துபோகும்.

பத்து மில்லிமீட்டருக்கா இவ்வளவு என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. அன்று ராத்திரி கணக்குப் போட்டேன். நீயும் போட்டுப் பார், நம் கணக்கு டீச்சர் இருந்தால் மகிழ்ந்திருப்பார். 65 என்பது சதவீதம், டயரின் அகலத்தில் அத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம். அதனால் அகலம் கூடினால் உயரமும் தானாகக் கூடிவிடுகிறது. இதைத்தான் யாரும் சொல்வதில்லை. 215-க்குப் பக்கச் சுவர் ஏறக்குறைய 140 மி.மீ., 225-க்கு 146. ரிம் 16 அங்குலம், அதாவது 406 மி.மீ. இருபுறச் சுவரையும் சேர்த்தால் பழைய அளவின் மொத்த உயரம் 686, புதியதற்கு 699. இத்தோடு முன் டயரில் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு, 4 மி.மீ. தேய்ந்திருந்தது, மேலும் கீழும் சேர்த்து 8. அதனால் முன்னால் 678, பின்னால் 699. ஒரு கிலோமீட்டருக்கு முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட 14 சுற்று அதிகம் சுற்ற வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு 1400 சுற்று, அத்தனையும் அந்தத் தகடுகள் தலையில்.

காகிதத்தில் போட்டது போதாதென்று மறுநாள் சிமெண்ட் களத்தில் வண்டியைத் தள்ளியும் பார்த்தோம். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. பத்துச் சுற்று உருட்டி டேப் பிடித்து அளந்தோம். முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டடிக்கு மேல் வித்தியாசம். அண்ணன் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டான். கப்ளிங் செலவைப் பற்றி இங்கே எழுதவில்லை, உனக்கும் மனசு கஷ்டமாகிவிடும்.

இதையெல்லாம் படித்துவிட்டு அகல டயரே ஆகாது என்று முடிவு கட்டிவிடாதே. இப்போது எங்கள் வண்டியில் ஓடுவது 225/65தான், ஆனால் நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் மாட்டியது. ஸ்டெப்னியும் அதே அளவு. நான்கும் சமமாகப் பெரிதானால் கப்ளிங்குக்குக் கவலை இல்லை. வண்டி ஆறு மி.மீ. உயர்ந்தது. ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட இரண்டு கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் போகிறோம் என்று நினைவு வைத்துக்கொள்கிறேன். சுமைக் குறியீடு 98-லிருந்து 100 ஆனது, அதாவது ஒரு டயர் தாங்கும் எடை 750 கிலோவிலிருந்து 800. மூட்டை ஏற்றும் எங்களுக்கு அது பெரிய ஆறுதல். மைலேஜ் கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கிறது.

மாட்டுவதற்கு முன் இடம் போதுமா என்று பார்த்த விதம் எனக்கே பிடித்தது. கடைக்காரரிடம் கெஞ்சி ஒரே ஒரு டயரை மட்டும் முதலில் மாட்டச் சொன்னோம். கோலமாவைத் தண்ணீரில் கரைத்து மட்கார்டின் உட்பக்கமும் ஷாக் அப்சர்பர் ஓரமும் தடவினோம். மூட்டைகளை ஏற்றி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை ஒடித்து, ஒரு மேடு பள்ளத்தில் ஏற்றி இறக்கினோம். டயரில் வெள்ளைக் கோடு விழவில்லை. விழுந்திருந்தால் 215-க்கே திரும்பியிருப்போம். நீ போடாத கோலமா, இதையும் செய்து பார்.

சரி, உன் வண்டிக்கு வருகிறேன். அதுவும் எங்களுடையதைப் போல நான்கு சக்கரமும் இழுக்கும் வகைதானே. அதன் அளவு 215/60 ஆர் 17. மொத்த உயரம் 690 மி.மீ. 225/60 போட்டால் 702. 235/55 போட்டால் கணக்குப்படி அதே 690 வரும், அதனால் யாராவது அதைச் சொல்லி ஆசை காட்டுவார்கள். ஆனால் அது பக்கத்துக்குப் பத்து மி.மீ. அகலம் கூடுகிறது. உள்ளே ஷாக் அப்சர்பர் பக்கம் இடம் இருக்க வேண்டும், ரிம்மின் அகலமும் அந்த டயருக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எனக்கு அதில் மனமில்லை.

உன் பாதை எங்கள் பாதை மாதிரி இல்லையே. உனக்குத் தார் ரோடு, மழை, பனிமூட்டம். டயர் அகலமாகும்போது தரையில் படும் தடம் அகலமாகிறதே தவிர, நீளத்தில் குறைந்துவிடுகிறது. தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் அகல டயர் சீக்கிரமே மிதந்துவிடும். மழைச் சாலையில் பிடிமானம் தருவது ஆழமான பட்டனும் நல்ல ரப்பரும்தான். அதனால் என் விருப்பத்தைக் கேட்டால், அதே 215/60-ல் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் டயராகப் பார்த்து நான்கையும் சேர்த்து மாற்று. பின் டயரில் இன்னும் உயிர் இருக்கிறதே என்று வயிறு எரியும், எனக்குத் தெரியும். முன்னும் பின்னும் முறையாக இடம் மாற்றிப் போட்டிருந்தால் நான்கும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். இனிமேல் ஒவ்வொரு பத்தாயிரம் கிலோமீட்டர் ஆவதற்குள் அப்படி இடம் மாற்றிவிடு. உன் வீட்டுக்காரர் அகலம்தான் வேண்டும் என்றால் 225/60, ஆனால் நான்கும். வாரண்டி இன்னும் இருக்கிறதென்றால் அளவு மாற்றலாமா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள். டயரின் பக்கத்தில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 1022 என்றிருந்தால் 2022-ன் பத்தாவது வாரத்தில் செய்தது. பழைய சரக்கை வாங்காதே.

இவ்வளவு எழுதிய பிறகும் மனசு ஆறவில்லை. அந்த மலைப்பாதையில் மூடுபனியில் நீ குழந்தைகளோடு இறங்கி வருவதை நினைத்தால் பயமாக இருக்கிறது. புதன்கிழமை சாயங்காலம் நீயும் சாக்பீஸ் எடுத்து உன் வாசலில் பத்துச் சுற்று உருட்டு. முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று எனக்கு எழுது. அன்று ராத்திரியே கணக்குப் போட்டு அனுப்புகிறேன்.

சாமை ஐந்து கிலோ பார்சலில் போட்டிருக்கிறேன். மேலே கட்டியிருக்கும் சின்னப் பொட்டலம் மலைத்தேன், அது உன் மாமியாருக்கு.

அன்புடன்,
கலா