ரெண்டு வருசம் மிலிட்டரி வந்தால் போதும் என்றாயே, கண்ணு

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் மனசை அறுக்கிறது. "ரெண்டு வருசம் மிலிட்டரி கையில் கொடுத்தால் நாடு உருப்பட்டுவிடும்மா" என்றாய். அப்போது எனக்குப் பேச்சு வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அப்புச்சியும் ஒரு காலத்தில் அதையேதான் சொன்னார். பர்மாவில், ரங்கூனில் துணிக்கடை வைத்திருந்தார். 1958-ல் அங்கே பிரதமர் ஊ நூவின் கட்சி இரண்டாகப் பிளந்து, ஆட்சி தளபதி நே வின் கைக்குப் போனது. தெருக் குப்பையெல்லாம் அள்ளினார்கள், விலைவாசி இறங்கியது, 1960-ல் தேர்தல் வைத்து ஆட்சியைத் திருப்பியும் கொடுத்தார் நே வின். நல்ல மனுசன் என்று கடைவீதியே பேசியதாம். அந்த நல்ல பேரை வைத்துக்கொண்டுதான் 1962 மார்ச் 2-ஆம் தேதி மறுபடி வந்தார். ஊ நூவைச் சிறையில் வைத்தார், நாடாளுமன்றத்தைக் கலைத்தார், இந்த முறை தேர்தல் பேச்சே இல்லை. ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழகப் பிள்ளைகளைச் சுட்டுவிட்டு, மறுநாள் காலையில் மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

அப்புறம் 1964. கடைகளெல்லாம் அரசுடைமை என்று அறிவித்து, அப்புச்சியிடம் சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். மே மாதம் 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். எனக்கு ஆறு வயது. துறைமுகத்தில் அம்மாயி தன் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தது மட்டும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது, அவள் அழவில்லை, என் கையைத்தான் இறுக்கிப் பிடித்திருந்தாள். எங்களைப்போல லட்சக்கணக்கான பேர் கப்பலேறினார்கள்.

முதலாளியாக இருந்த மனுசன் சென்னிமலைக்கு வந்து, நாற்பது வயதுக்கு மேல், மச்சான் வீட்டுத் தறியில் உட்கார்ந்து நெய்யப் பழகினார். கூலி வந்த அன்றே அரிசியாகவோ நூலாகவோ மாற்றிவிடுவார், நோட்டு கையில் தங்கினால் அவருக்குத் தூக்கம் வராது. பர்மாவில் 1987-லும் நோட்டைச் செல்லாது என்று அறிவித்து ஜனங்களின் சேமிப்பை அழித்தார்கள். 1988-ல் ஜனங்கள் தெருவுக்கு வந்து, ஆயிரக்கணக்கில் சுடப்பட்டார்கள். நே வின் கட்சித் தலைமையை விட்டதும் அந்த வருசம்தான். ரெண்டு வருசமா, கண்ணு? 26 வருசம்.

அப்புச்சியின் தகரப் பெட்டியில் மூன்று 100 கியாட் நோட்டு இன்னும் இருக்கிறது. தைக்கு வரும்போது எடுத்துத் தருகிறேன், கையில் வாங்கிப் பார்.

அம்மா