முறைத்துப் பார்த்தான் என்பதற்காக

ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூர் நீதிமன்றச் செய்திகளை நான் விடாமல் படிப்பவன். அடிதடி வழக்குகளில் யாருக்கு எத்தனை மாதச் சிறை, எத்தனை பிரம்படி என்பதெல்லாம் விவரமாக வருகிறது. சண்டை எதனால் வந்தது என்பது மட்டும் பெரும்பாலும் அரை வரியில் முடிந்துவிடுகிறது. ஒருவர் மற்றவரை முறைத்துப் பார்த்தாராம். அந்த அரை வரியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

கீழ்த்தளத்தில் உணவகங்களும் மதுக்கூடங்களும் இருக்கும் ஒரு கட்டடத்தில் இரவு நேரப் பாதுகாவல் அதிகாரியாக வேலை பார்க்கிறேன். சண்டை மேசையில் உட்கார்ந்திருக்கும்போது வருவது குறைவு. கழிவறை வாசல், மின்தூக்கி முன்னால், எல்லாவற்றுக்கும் மேலாக டாக்சி நிற்குமிடம், இங்கேதான் வரும். கடை மூடியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் வெளியே வருகிறார்கள். உள்ளே தனித்தனி மேசையில் இருந்தவர்கள் இப்போது தோளோடு தோள் உரச நிற்கிறார்கள். கிராப் வாடகைக் கார் வரத் தாமதம், குடித்த களைப்பு வேறு. யாரோ யாரையோ பார்க்கிறார். "என்ன பாக்குற?" என்று ஒரு குரல். "ஏன், பாக்கக் கூடாதா?" என்று பதில். அதற்கு அடுத்து பெரும்பாலும் பேச்சு இருக்காது, கைதான் நீளும்.

அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "சாரி பாஸ், உங்களைப் பாக்கல" என்று சொல்லிக் கண்ணை விலக்கிக்கொள்பவரிடம் எதிராளிக்கு மேலே பேச ஒன்றும் இருப்பதில்லை. அப்படிச் சொல்லும்போது இரண்டு உள்ளங்கையும் நெஞ்சுக்கு நேராக, திறந்தபடி தெரிய வேண்டும். பாக்கெட்டில் கை இருந்தால் எதிரில் நிற்பவர் என்னவோ ஏதோ என்று நினைப்பார். இரண்டு கை தூரமாவது தள்ளி நிற்க வேண்டும். உடனே முதுகைக் காட்டித் திரும்பக் கூடாது. அவரைக் கண்ணில் வைத்துக்கொண்டே பக்கவாட்டில் பின்வாங்கி, வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும். திறந்திருக்கும் காப்பிக்கடையாக இருந்தாலும் சரி, எங்களைப் போன்ற பாதுகாவலரின் மேசையாக இருந்தாலும் சரி.

என் அக்கா மகன் தேசிய சேவையில், அதாவது கட்டாய ராணுவப் பயிற்சியில், இருக்கிறான். இதையெல்லாம் அவனிடம் சொன்னபோது, "மாமா, நான் ஒதுங்கிப் போனா கூட இருக்கறவங்க என்னை என்ன நினைப்பாங்க?" என்று கேட்டான். நல்ல பிள்ளை, மனதில் பட்டதை ஒளிக்காமல் கேட்டான். அந்தக் கேள்வி அவனுக்குத் தானாக வந்ததல்ல. பள்ளியில் அடி வாங்கி வந்த பையனிடம் "நீ திருப்பிக் குடுத்தியா?" என்றுதான் நம் வீடுகளில் முதலில் கேட்கிறோம். பெண்பிள்ளை இரவில் தாமதமானால் பத்து முறை போன் செய்கிற நாம், பையன் விஷயத்தில் அவன் பார்த்துக்கொள்வான் என்று படுத்துவிடுகிறோம். அவன் எதைப் பார்த்துக்கொள்வான், எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

உயிர் போக கத்தி வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வெறுங்கையால் ஒரே குத்து போதும். குத்தை விட ஆபத்து, விழுவது. குடித்திருப்பவர் கையை ஊன்றித் தன்னைத் தாங்கிக்கொள்ள மாட்டார். நின்ற உயரத்திலிருந்து பின்மண்டை நேராக நடைபாதை விளிம்பிலோ சிமெண்டுத் தரையிலோ மோதும். அதன் பிறகு எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று பேசவும் செய்யலாம். மண்டைக்குள் ரத்தம் கசிந்து தேங்கிக்கொண்டே இருந்தால் சில மணி நேரம் கழித்து நினைவு தவறும். நண்பர்கள் போதையில் தூங்குகிறான் என்று எண்ணி வீட்டு சோபாவில் படுக்க வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தலையில் அடிபட்டவர் மறுபடி மறுபடி வாந்தி எடுத்தாலோ, கேட்டதையே திரும்பக் கேட்டாலோ, தட்டி எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ, ஒரு கண்ணின் பாவை மற்றதை விடப் பெரிதாகத் தெரிந்தாலோ உடனே ஆம்புலன்சுக்கு 995. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சட்டத்தையும் பையன்களுக்குச் சொல்ல வேண்டும். பொது இடத்தில் கைகலப்பில் ஈடுபட்டால் ஓராண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். வேண்டுமென்றே ஒருவரைக் காயப்படுத்தினால் மூன்றாண்டு வரை சிறை. ஐந்து பேரோ அதற்கு மேலோ ஒரே நோக்கத்தோடு கூடி, அதில் ஒருவர் அடித்தாலும் கூட நிற்பவர்கள் எல்லோர் மேலும் கலவரக் குற்றச்சாட்டு வரலாம். அதற்கு ஏழாண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. தற்காத்துக்கொள்ளும் உரிமை சட்டத்தில் இருக்கிறது, ஆனால் தேவைக்கு மிஞ்சி அடிக்க அது இடம் தராது. ஓடுகிறவனைத் துரத்திப் போய் அடித்துவிட்டுத் தற்காப்பு என்று சொல்ல முடியாது. 2019 ஜூலையில், இரவு விடுதிகள் நிறைந்த ஆர்ச்சர்ட் டவர்ஸ் கட்டடத்தில் நடந்த மோதலில் ஒருவர் இறந்தார். ஏழு பேர் மீது முதலில் கொலைக் குற்றமே சுமத்தப்பட்டது. ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் குற்றச்சாட்டு பிறகு குறைக்கப்பட்டது உண்மைதான். ஆனால் கொலை வழக்கில் பிள்ளையின் பெயர் வந்த நாட்களை அந்தக் குடும்பங்கள் எப்படிக் கடந்திருக்கும்!

நண்பர்களுக்கு ஒன்று. விலக்கிவிடப் போகும்போது எதிராளியைப் பிடிக்காதீர்கள், உங்கள் ஆளைப் பிடியுங்கள். எதிராளியின் கையை நீங்கள் பிடித்திருக்கும் நேரத்தில் உங்கள் ஆள் அவரை அடித்துவிட்டால் நீங்களும் சேர்ந்து அடித்ததாகத்தான் கேமராவில் தெரியும். உங்கள் ஆளைத் தோளோடு அணைத்து, சாலைக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போய்விடுங்கள். வீடியோ எடுப்பதை விட்டுவிட்டு ஒருவர் போலீசுக்கு 999-ஐ அழைக்கட்டும். பேச முடியாத நிலை என்றால் 70999-க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். இடம் சொல்லத் தெரியவில்லையா? பக்கத்து புளோக் எண்ணோ, பேருந்து நிறுத்தத்தின் ஐந்து இலக்க எண்ணோ, விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் எண்ணோ போதும்.

ஆசிரியர் அவர்களே, அடிதடி வழக்குச் செய்தி வெளியிடும்போதெல்லாம் அதன் அடியில் சிறு கட்டம் கட்டி, தலையில் அடிபட்டவரிடம் கவனிக்க வேண்டிய அறிகுறிகளையும் இந்த எண்களையும் போடுங்கள். சமூக மன்றங்களில் இந்தியர்களுக்கான நடவடிக்கைகளை நடத்தும் நற்பணிப் பேரவையினரும் அங்கே தற்காப்புக் கலை சொல்லிக்கொடுப்பவர்களும் முதல் வகுப்பிலேயே பின்வாங்கி நடப்பதைப் பயிற்சியாகச் செய்ய வையுங்கள். வாயால் சொன்னால் அந்த நேரத்தில் நினைவுக்கு வராது, உடம்புக்குப் பழக வேண்டும். மதுக்கூட உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: மூடும் நேரத்தில் ஓர் ஊழியரை டாக்சி நிற்குமிடத்துக்கு அனுப்புங்கள். எங்கள் கட்டடத்தில் ஒரு மேலாளர் தானே வந்து நிற்கிறார். வாடிக்கையாளர்களைப் பெயர் சொல்லி அழைத்து வண்டியில் ஏற்றிவிடுகிறார். அவர் நிற்கும் இரவுகளில் எனக்கு வேலை குறைவு.

ப. க.
ஈசூன்