வர முதல் வாசிக்க

என்ர பிள்ளைக்கு,

மருமோன் அனுப்பின எக்செல் சீற் கிடைச்சுது, பக்கத்து வீட்டுப் பெடியன்தான் ஃபோனில திறந்து காட்டினவன். நல்லூர்த் தேர், கோட்டை, நெடுந்தீவு, பிறகு கண்டி, பிறகு யால எண்டு நிறம் நிறமாப் போட்டிருக்கிறார், எத்தினை மணிக்கு எழும்பிறது எண்டுகூட இருக்கு. வரேக்க இஸ்தான்புல்லில ஒரு நாள் நிக்கிறியளாம். எல்லாம் வடிவா இருக்கு, ஆனா எந்த இடத்துக்கு என்ன புத்தகம் எண்டு ஒரு கொலம் இல்லை. நீ சிரிப்பாய் எண்டு தெரியும், சிரிச்சுப்போட்டு மிச்சத்தை வாசி.

இந்த விசர் எனக்கு உங்கட ரொறன்ரோவாலதான் பிடிச்சது. அந்தக் குளிருக்க வந்து நிண்டனான் எல்லோ, கோயில், டொக்டர், தமிழ்க்கடை, திரும்பி வீடு, இவ்வளவுதான் நான் கண்ட கனடா. சப்வேயில போகேக்க புளோர் ஸ்ரீட் பாலத்தைக் கடந்திருக்கிறம், மேல ரோட்டு, அதுக்குக் கீழால பாலத்துக்குள்ளயே ரெயில் ஓடுது, ஜன்னலால பாத்தா பெரிய பள்ளத்தாக்கு. பாலம் எண்டு நினைச்சதோட சரி. இஞ்ச வந்த பிறகுதான் மைக்கேல் ஒண்டாச்சியின்ர 'இன் த ஸ்கின் ஒஃப் எ லயன்' கையில கிடைச்சுது, கொழும்பில பிறந்த மனுசன், 1987-ல வந்த நாவல். அதில அந்தப் பாலம் கட்டுறதுதான் ஒரு பெரிய பகுதி. மசிடோனியாவில இருந்து, இத்தாலியில இருந்தெல்லாம் பாசை தெரியாமல் வந்த கூலிச்சனம், அதில ஒருத்தன் கயித்தில தொங்கிக்கொண்டு வேலை செய்யிறான், இரவில பாலத்தால விழுற ஒரு கன்னியாஸ்திரியை அந்தரத்தில பிடிக்கிறான். அது கதை. பாலம் உண்மை, 1918-ல திறந்தது. நீ வேலைக்குப் போற பாதை, பிள்ளை. கட்டின ஆக்களும் உங்களைப்போல எங்கேயோ இருந்து வந்து இறங்கின சனம்தான் எண்டு வாசிக்க, உடன எழும்பி உனக்கு ஃபோன் எடுக்கோணும் போல கிடந்தது, அங்க அப்ப நடுச்சாமம், அம்மா விடேல்லை.

அதால என்ர கொள்கை என்னெண்டா, போக முதல் பாதி, வந்த பிறகு மிச்சம். முழுக்க வாசிச்சுப்போட்டுப் போனா புத்தகத்தில இருக்கிறதையே தேடித் திரிவம், ஊர் கண்ணுக்குத் தெரியாது.

இஸ்தான்புல்லுக்கு மட்டும் இந்தச் சட்டம் இல்லை. அங்க ஓர்கான் பாமுக் 'மியூசியம் ஒஃப் இன்னொசன்ஸ்' எண்டு 2008-ல நாவல் எழுதி, 2012-ல உண்மையாவே அந்தப் பேரில ஒரு மியூசியமும் திறந்தவர், கதையில காதலி குடிச்ச 4,213 சிகரெட் கட்டையளைச் சுவரில குத்தி வைச்சிருக்காம்! புத்தகத்துக்குள்ளயே ஒரு ரிக்கெட் அச்சடிச்சிருக்கு, கொண்டுபோய்க் காட்டினா முத்திரை குத்தி காசில்லாமல் உள்ள விடுவினம். மருமோன் கணக்குப் பாக்கிறவர் எல்லோ, அவருக்குச் சொல்லு.

இனி நெடுந்தீவு. கட்டைக் குதிரை, பெருக்கு மரம், கல்வேலி எல்லாம் எந்த ரூரிஸ்ற் கைட்டும் காட்டுவான். அங்க சனம் எப்பிடிச் சீவிச்சது எண்டு தெரியோணுமெண்டா செங்கை ஆழியானின்ர 'வாடைக்காற்று' வாசி. மனுசன் புவியியல் படிச்சவர், காத்தும் கடலும் சும்மா அழகுக்கு எழுதினதில்லை, கதையையே அதுதான் நடத்துது. வடகீழ்க் காத்து அடிக்கிற வாடைக்காலத்தில வெளியூர் மீனவர் தீவில வந்து வாடி எண்டு கொட்டில் போட்டுத் தங்கித் தொழில் செய்யிறது, அவைக்கும் ஊர்ச்சனத்துக்கும் நடுவில வாற காதல், பகை, இதுதான் கதை. நீங்கள் வாறது ஆவணியில, அப்ப அடிக்கிறது சோளகம், தென்மேல் காத்து, புத்தகத்தில இருக்கிற கடலை நீங்கள் காண மாட்டியள். அதுவும் நல்லதுதான், குறிகட்டுவானில போட் ஏறேக்க இப்ப காத்து எந்தப் பக்கத்தால அடிக்குது எண்டு பிள்ளையளைக் கேள். பெரியவள் தமிழை இன்னும் எழுத்துக்கூட்டித்தானே வாசிக்கிறாள், அதால நீ வாசிச்சு போட்டில வைச்சு அவளுக்குக் கதையாச் சொல்லு, ஒரு மணித்தியாலம் கிடக்கு. சத்தி எடுக்காமல் இருந்தா.

கண்டிக்கு ஒண்டும் சொல்லேல்லை, அந்தச் சனத்துக்க தள்ளுப்படவே நேரம் சரி.

யாலைக்கு லெனார்ட் வூல்ஃப். வெள்ளைக்காரன், 1905-ல யாழ்ப்பாணக் கச்சேரிக்கு, அதுதான் அரசாங்கக் கந்தோருக்குத்தான் முதல் வந்தவர், அதால எனக்கு அவரில ஒரு உரித்து, நானும் கச்சேரிக் கிளாக்கர் எல்லோ. 1908-ல இருந்து 1911 மட்டும் யாலைக் காடு கிடக்கிற பக்கம், அம்பாந்தோட்டையில உதவி அரசாங்க அதிபர், ஊருக்குத் திரும்பி 1913-ல 'த வில்லேஜ் இன் த ஜங்கிள்' எழுதினார். காட்டை வெட்டி எரிச்சுச் சேனைப்பயிர் செய்யிற சிலிந்து எண்ட வேட்டைக்காரன், அவன்ர ரெண்டு பெட்டையள், கடன், ஊர் அதிகாரி விதானையின்ர பழி, கடைசியில காடு ஊரையே விழுங்குது. ஆண்ட பக்கத்தில இருந்தவர் நீதிமன்றத்தில நிண்ட ஏழையின்ர பக்கத்தில நிண்டு எழுதியிருக்கிறார், அது லேசுப்பட்ட வேலை இல்லை. அதில வாற பெத்தகமவை மப்பில தேடாதை, கற்பனை ஊர். ஆனா ஜீப்பில போகேக்க எல்லாரும் சிறுத்தை சிறுத்தை எண்டு கத்துவினம், நீ அந்த வறண்ட பத்தையளை ஒருக்கா வடிவாப் பார், உதுக்குள்ள மழையை நம்பிச் சேனை வெட்டிச் சீவிச்சிருக்குதுகள்.

வூல்ஃபின்ர புத்தகம் இஞ்ச என்னட்டக் கிடக்கு, வாங்காதை. செங்கை ஆழியானை 'நூலகம்' எண்ட இணையத்தளத்தில தேடிப் பார், இல்லையெண்டா சொல்லு, ஆரிட்டயும் கேட்டுப் படம் எடுத்து அனுப்புவிக்கிறன். எனக்கு நீ கொண்டு வரவேண்டியது ஒண்டுதான், ஸ்காபரோவில நடக்கிற கதை ஏதும் நல்லதா இருந்தா, எழுத்துப் பெரிசா இருக்கிற பதிப்பு, பொடி எழுத்து இப்ப ஏலாது.

அம்மா பக்கத்தில நிண்டு கேக்கிறா, மருமோன் ஒடியல் கூழ் குடிப்பாரோ எண்டு. திருவிழா முடியுமட்டும் வீட்டில மச்சம் இல்லை, நண்டு போட்டுக் காய்ச்சிறதெண்டா தீர்த்தத்துக்குப் பிறகுதான், அந்த சீற்றில அதுக்கும் ஒரு நாளை ஒதுக்கச் சொல்லு.

அன்புடன்,
அப்பா