உன் கைகளைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

பார்வையற்றோர் சதுரங்கப் போட்டி முடிந்து வரும்போது, "என் ஆட்டம் பார்க்க எப்படிப்பா இருந்துச்சு?" என்று பஸ்ஸில் கேட்டாய். தொண்டை அடைத்துக்கொண்டது. "நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னேன். மீதியை எழுதுகிறேன். உன் போன் இதை வாசிக்கும்போது நிதானமாகக் கேள்.

ஆளுக்கொரு பலகை, கட்டத்துக்கொரு துளை, மேடான கறுப்புக் கட்டங்கள், இதெல்லாம் நீ அறிந்ததுதான். உன் கைகளை நீ பார்த்ததில்லை. எதிரில் இருந்த பையன் "குதிரை, ஃபீலிக்ஸ் ஆறு" என்று எஃப்-6 கட்டத்தைச் சொன்னதும் அதைத் திருப்பிச் சொல்லி உன் பலகையில் வைத்தாய். அப்புறம் பத்து விரலும் பலகை முழுக்கப் போய்வந்தன, முறத்து அரிசியில் கல் தேடும் உன் அம்மாவின் விரல்கள் மாதிரி. ஒரு காய்கூட அசையவில்லை.

துளையிலிருந்து காயை எடுத்தால்தான் தொட்டதாகக் கணக்கு என்று நடுவர் சொன்னார். கேட்டதும் மனசு பிசைந்தது. கடையில், கல்யாண வீட்டில், நீ எங்கே கை நீட்டினாலும் "தொடாதே" என்று இழுத்தவன் நான். வளையல் கடையில் அடித்தும்விட்டேன். அன்றைக்கு மூன்றரை மணி நேரம் நீ தொட்டுக்கொண்டே இருந்தாய், யாரும் தடுக்கவில்லை.

நடுவில் ஆட்டம் நின்றபோது பயந்துபோனேன். நீ சொன்ன "டேவிட் நான்கு" என்பதை அவன் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, காயை ஐந்தில் வைத்திருக்கிறான். மூன்று நகர்த்தல் கழித்துத்தான் தெரிந்தது. நடுவர் இருவர் குறிப்பையும் ஒப்பிட்டு அவன் பலகையைத் திருத்தும்வரை நீ மடியில் கை வைத்துக் காத்திருந்தாய். கடைசியில் தோற்றாய். எனக்கு நினைவில் நிற்பது அந்தக் காத்திருப்புதான்.

2023இல் ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் பார்வையற்றோர் சதுரங்கத்தில் தர்பன் இனானி தங்கம் வென்றார், பார்வை அறவே இல்லாத அல்லது மிகமிகக் குறைந்தவர்களுக்கான பி1 பிரிவில் வெள்ளியும் வெண்கலமும்கூட நமக்குத்தான் என்று நீ துள்ளியபோது, செய்தியாகக் கேட்டுக்கொண்டேன். இப்போது அந்தப் பெயரைக் கேட்டால் விரல்கள்தான் ஞாபகம் வருகின்றன.

கட்டத்தின் எழுத்தை பி, டி, ஈ என்று சொன்னால் காதில் குழம்பும், அதனால்தான் பெல்லா, டேவிட், ஈவா என்று அம்மாவுக்குச் சொன்னேன். அடுப்படியில் அன்னா, பெல்லா, சீசர் என்று மனப்பாடம் நடக்கிறது.

பரணிலிருந்து உன் பழைய பலகையை இறக்கினேன். ஒரு சிப்பாய் குறைகிறது. தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். கறுப்பா வெள்ளையா என்றார். கறுப்பு, தலையில் குமிழ் இருக்கணும் என்றேன்.

அப்பா