கப்பல் வந்தால்தான் கடிதம்

விக்டோரியா, மாஹே தீவு, சீஷெல்ஸ்
18 ஆகஸ்ட் 1963

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நீங்களும் அப்பாவும் தங்கச்சியும் நலமென்று நம்புகிறேன். போனவனிடமிருந்து ஒரு வரிகூட இல்லையே என்று தபால்காரரைத் தினமும் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். எழுதாமல் இல்லை. இந்தத் தீவில் விமானம் இறங்க இடமே கிடையாது. பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போகும் கப்பல் திரும்பி வரும் வழியில் இங்கே நின்றால்தான் தபால் பை ஏறும். ஆகவே கடிதம் வரவில்லை என்றால் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கப்பல் வரவில்லை, அவ்வளவுதான்.

பயணத்தைச் சொல்கிறேன். கப்பலின் பெயர் கரஞ்சா. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது, பத்தாயிரம் டன். பம்பாய்த் துறைமுகத்தில் அம்மை குத்திய சான்றைக் காட்டி ஏறும்போது அது கப்பல் மாதிரியே தெரியவில்லை. ஜன்னல் வைத்த நீண்ட சுவர் மாதிரி இருந்தது. நான் மூன்றாம் வகுப்பு. கீழ்த்தளத்தில் இரண்டடுக்காக இரும்புக் கட்டில்கள். எனக்கு மேலே ஒரு கோவாக்காரர். பக்கத்தில் மொம்பாசாவில் கடை வைத்திருக்கும் குஜராத்திக் குடும்பம், ஊறுகாய் ஜாடிகளுக்கே ஒரு கட்டிலை ஒதுக்கியிருந்தார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்பட்டீர்களே, சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனிச் சமையல் இருந்தது. சோறும் பருப்பும் வேளை தவறாமல் வந்தன.

தங்கச்சி, இந்தப் பத்தியை அம்மாவுக்குப் படிக்காதே. வேளை தவறாமல் வந்தது உண்மை. நான் சாப்பிட்டது உண்மையில்லை. ஜூலை மாதம் தென்மேற்குப் பருவக்காற்று. கப்பலோ அந்தக் காற்றின் முகத்துக்கு நேராகப் போகிறது. முதல் மூன்று நாளும் கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி கிடந்தேன். குடலே வெளியே வந்துவிடும் போலிருந்தது. அந்தக் குஜராத்திப் பாட்டி தினமும் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கீறி என் மூக்கருகே பிடித்துவிட்டு, எனக்குப் புரியாத மொழியில் திட்டிவிட்டுப் போவார். திட்டில் இருந்த பாசம் மட்டும் புரிந்தது.

இனி உரக்கப் படிக்கலாம். நான்காம் நாள் கடல் அடங்கியது. மேல்தளத்துக்குப் போனேன். இரவில் மேகம் விலகியிருந்தது. கோவாக்காரர் முன்பு கப்பலில் வேலை பார்த்தவர். வடக்கே கையை நீட்டி, "துருவ நட்சத்திரத்தைத் தேடு" என்றார். தேடினேன், இல்லை. பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க அது கடலோடு கடலாக இறங்கிவிடுமாம். தாண்டிவிட்டால் கண்ணிலேயே படாதாம். அதுவரை ஊரைவிட்டு வந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை அம்மா. ரயில் ஏறியபோதுகூட இல்லை. அன்றைக்குத்தான் தோன்றியது.

ரேகையைத் தாண்டியபோது கோடு எதுவும் தெரியவில்லை. தங்கச்சி கேட்பாள் என்றுதான் எழுதுகிறேன். கடிகாரத்தை மட்டும் இரவுக்கு அரை மணியாக மூன்று முறை பின்னுக்குத் தள்ளச் சொன்னார்கள். இப்போது அங்கே மாலை ஆறரை என்றால் இங்கே ஐந்து. நீங்கள் விளக்கேற்றும் நேரத்தில் நான் கடையில் நின்றுகொண்டிருப்பேன்.

ஏறத்தாழ 1,750 கடல் மைல், ஐந்து நாள். கடைசி நாள் விடியற்காலையில் முதலில் பறவைகள்தான் வந்தன. பிறகு கடலின் மேல் ஒரு மேகம் மட்டும் நகராமல் நின்றது. அதன் அடியில் மலை. நான் பனைமரமும் மணலுமாக ஏதோ தட்டையான தீவை எதிர்பார்த்திருந்தேன். இதுவோ நடுக்கடலில் எழுந்து நிற்கும் கருங்கல் மலை. உச்சி 900 மீட்டருக்கு மேல். நம் ஊர்க் குன்றுகளைப் போல மழை வழித்தெடுத்த வழவழப்பான பாறைகள், அவற்றின் இடுக்கிலெல்லாம் பச்சை. சுற்றிலும் இதே போல இன்னும் பல தீவுகள். தூரத்தில் இருப்பவை வெறும் பவளத் திட்டுகள் என்கிறார்கள்.

பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க இங்கே துறை இல்லை. நங்கூரம் போட்டு வெளியே நின்றுவிடுகிறது. படியில் இறங்கிப் படகுக்குத் தாவ வேண்டும். அலையில் படகு மேலே எழும்போது தாவ வேண்டும், கீழே இறங்கும்போது தாவக் கூடாது. நான் தவறான நேரத்தில் தாவினேன். முழங்கால் பிழைத்தது, நீங்கள் கட்டிக் கொடுத்த புளி மூட்டை நனைந்துவிட்டது. வெயிலில் காயவைத்துவிட்டேன், கொஞ்சம் உப்புக் கரிக்கிறது. குழம்புக்கு உப்பு மிச்சம்.

ஊர் சின்னது. நாற்சந்தியில் வெள்ளி நிறம் பூசிய மணிக்கூண்டு ஒன்று, 1903இல் வைத்தது. பெரிய தேவாலயத்தின் மணியோ ஒவ்வொரு மணியையும் இரண்டு முறை அடிக்கிறது. முதல் முறை தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்காக இரண்டாம் முறையாம். கோயில் இல்லை அம்மா. முதலாளி வீட்டுப் பின்கட்டில் பிள்ளையார் படம் இருக்கிறது, வெள்ளிக்கிழமை நம்மவர்கள் அங்கே கூடுகிறோம். நாம் இங்கே நேற்று வந்தவர்கள் அல்லர்; 1770இல் முதன்முதலாகக் குடியேறிய இருபத்தெட்டுப் பேரில் ஐந்து பேர் இந்தியாவிலிருந்து வந்தவர்களாம். விஷப் பாம்பு கிடையாது. மலேரியா கிடையாது, அதைப் பரப்பும் கொசுவே இங்கில்லை. புயலும் இந்தத் தீவுகளைத் தொடாமல் தெற்கே போய்விடுமாம். இந்த மூன்றையும் அத்தையிடம் அவசியம் சொல்லுங்கள்.

வேலை நன்றாகவே போகிறது, மொழிதான் ஆளைக் கவிழ்க்கிறது. இவர்கள் பேசுவது கிரியோல்; பிரெஞ்சு மாதிரி இருக்கும், பிரெஞ்சு அல்ல. முதல் நாள் ஒரு பெண் வந்து "திரி, திரி" என்றார். எனக்கு ஒரே ஆனந்தம். மண்ணெண்ணெய் விளக்குத் திரியை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இவர்கள் மொழியில் அரிசிக்குத்தான் அந்தப் பெயர் என்று முதலாளி சிரித்து முடித்த பிறகு சொன்னார். இன்றுவரை அந்தப் பெண் கடைக்குள் வந்தால் முதலில் விளக்கைத்தான் காட்டுகிறார். ஆனால் கறிவேப்பிலையைக் "கரிபிலே" என்கிறார்கள். அந்த ஒரு சொல்லை என்னால் எந்தக் கவலையும் இல்லாமல் சொல்ல முடிகிறது.

பணம் இங்கும் ரூபாய்தான், இங்கிலாந்து அரசியின் முகம் போட்டது. இரண்டுக்கும் மதிப்பு ஒன்றே என்பதால் அப்பா கணக்குப் போடத் தேவையில்லை. இந்த மாதம் அறுபது அனுப்புகிறேன். குடும்பங்கள் கொப்பரையையும் இலவங்கப்பட்டையையும் நம்பி வாழ்கின்றன. மலைச் சரிவில் பட்டை உரிக்கிற நாளில் காற்றே பாயசம் மாதிரி மணக்கிறது. நம் ஊர்ச் சாமியார்கள் கையில் கறுப்பாக ஒரு திருவோடு இருக்குமே, அந்தக் கடல் தேங்காய் காய்ப்பது இங்கே பக்கத்துத் தீவான பிராலனில்தான். மரத்தில் பார்த்தேன் என்று எழுத ஆசை, இன்னும் போகவில்லை.

தங்கச்சி, இதையும் படிக்காதே. இங்கே கறிப்பலாவை நெருப்பில் சுட்டுத் தின்கிறார்கள். அதைத் தின்றவன் எங்கே போனாலும் இந்தத் தீவுக்கே திரும்பி வருவான் என்று ஒரு நம்பிக்கை. நான் இதுவரை மூன்று முறை தின்றுவிட்டேன். நன்றாகவே இருக்கிறது.

அம்மா, கடிதத்தின் மூலையில் 1 என்று போட்டிருக்கிறேன். நீங்களும் எண் போட்டு எழுதச் சொல்லுங்கள். ஒரே கப்பலில் நான்கு கடிதங்கள் சேர்ந்து வந்தால் எதை முதலில் பிரிப்பது என்று தெரிய வேண்டும். கப்பல் தெரிகிறது என்று தெருவே துறைப் பக்கம் ஓடுகிறது. முதலாளி கதவை இழுத்துச் சாத்துகிறார்.

உங்கள் அன்பு மகன்

தங்கச்சி: படிக்காதே என்று சொன்ன இரண்டையும் நீ எப்படியும் படித்துக் காட்டிவிடுவாய். முதலாவதைச் சொன்னால் போகட்டும். கறிப்பலா சமாசாரத்தை மட்டும் விட்டுவிடு, நேரில் வந்து நானே சொல்லிக்கொள்கிறேன்.