வரிசையாகப் பூஜ்யம் வருவது ரேண்டம் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம். உங்கள் மாணவர் பக்கத்தில், 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட தசம எண்களை சி மொழியில் ரேண்டமாக எடுப்பது எப்படி என்று ஒரு சின்ன புரோகிராம் வந்திருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ஓட்டினால் திரையில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று வரிசை கட்டி நிற்கிறது. கம்ப்யூட்டர்மேல் குற்றமில்லை. அந்த புரோகிராம், ரேண்டம் எண் தரும் 'ராண்ட்' என்ற சி கட்டளையின் விடையை, அது தரக்கூடிய மிகப் பெரிய எண்ணால் (உச்ச வரம்பு) வகுக்கிறது. 'ராண்ட்' தருவது முழு எண், அந்த உச்ச வரம்பும் முழு எண். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் புள்ளிக்குப் பின்னால் உள்ளதையெல்லாம் சி வெட்டிவிடும். 12,000-ஐ 32,767-ஆல் வகுத்தால் கால்குலேட்டரில் 0.366 வரும், இங்கே வெறும் 0. விடையைத் தசம எண் வைக்கும் 'டபுள்' மாறியில் போட்டிருக்கிறோமே என்றால், வெட்டு அதற்கு முன்பே விழுந்துவிடுகிறது. வகுப்பதற்கு முன் இரண்டில் ஒன்றையாவது டபுளாக மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை.

அந்த 32,767 நான் சும்மா சொன்ன எண் இல்லை. கல்லூரி லேப்களில் இன்னும் உயிரோடிருக்கும் டர்போ சி என்ற பழைய சி மென்பொருளில் 'ராண்ட்' தரும் உச்சம் அதுதான். அதனால் இந்த வழியில் எத்தனை தடவை ஓட்டினாலும் 32,768 விதமான தசமங்களுக்கு மேல் கிடைக்காது. லினக்ஸில் இந்த உச்சம் 214 கோடியைத் தாண்டும்.

அப்புறம், இரண்டு தசம இடம் வேண்டுமானால் ரவுண்ட் செய்தால் போதும் என்று முடித்திருந்தீர்கள். எல்லா எண்ணுக்கும் சம வாய்ப்பு வேண்டுமென்றால் போதாது. 0.37 வருவதற்கு 0.365-லிருந்து 0.375 வரை இடமிருக்கிறது, 0.00-க்கோ 0.005 வரைதான், அதாவது பாதி. 1.00-க்கும் அதே கதி. அதற்குப் பதில் 0 முதல் 100 வரை முழு எண்ணாக எடுத்து 100.0-ஆல் வகுக்கலாம். அந்த '.0'-வை விட்டால் மறுபடி பூஜ்யம்தான்!

பிளஸ் டூ பிள்ளைகள் படிக்கும் பைத்தான் மொழியில் இந்த வகுத்தல் தொல்லை கிடையாது, அதன் 'ரேண்டம்' மாட்யூலே நேராகத் தசம எண்ணைத் தந்துவிடும்; அதில் 0 வரலாம், 1 மட்டும் வராது. ஆனால் ஓடிபி மாதிரி விஷயத்துக்கு அந்த 'ரேண்டம்' மாட்யூலைத் தொடக் கூடாது, அதற்கென்றே பைத்தானில் 'சீக்ரெட்ஸ்' என்ற தனி மாட்யூல் இருக்கிறது. இதையும் ஒரு வரி சேர்த்து, திருத்திய புரோகிராமை அதே பக்கத்தில் சீக்கிரம் போடுங்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் பழையதை ரெக்கார்ட் நோட்டில் எழுதவே ஆரம்பித்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை